ஏழு இருபதின் பெயர்

வெள்ளிங்கிரிக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. இரண்டும் அவன் கண்ணுக்கு ஒரே காய்ந்த களிமண் நிறம். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய், சிவப்பு தெரிந்தால் ரயிலை நிறுத்து, பச்சை தெரிந்தால் போக விடு என்கிற வேலையில் உட்கார வைத்திருந்தார்கள். வைத்தவர்கள் மேல் தப்பில்லை. இவன் வாயைத் திறக்கவில்லை.

செம்பாறைக் கணவாயில் ரயில் பாதை இருபது கிலோமீட்டர் காட்டுக்குள் போகிறது. அரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாக நாற்பது கம்பங்கள், ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் புதைத்து வைத்த ஒரு கருவி. யானை பேசுவதில் பாதி நம் காதுக்கு எட்டாது, அவ்வளவு தாழ்ந்த குரல். அது காற்றிலும் போகும், மண்ணிலும் போகும். கருவி மண்ணிலிருந்து அதைப் பிடித்து அடிவாரத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்ப, அங்கே அது திரையில் படமாக ஓடும். இடமிருந்து வலம் நேரம். கீழிருந்து மேல் சுருதி. சத்தம் எவ்வளவு பலம் என்பதை நிறம் சொல்லும்: ஒன்றுமில்லாத இடம் கருப்பு, பிறகு நீலம், பச்சை, மஞ்சள், கடைசியில் சிவப்பு. ஸ்பெக்ட்ரோகிராம் என்று அதற்குப் பெயர். அறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'படம்' என்பதோடு சரி.

படத்தில் சிவப்புப் பொட்டு விழுந்தால் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். உடனே ரயில் கன்ட்ரோலருக்குப் போன் போக வேண்டும். இயந்திரமே முடிவெடுக்கலாம் என்று முதலில் வைத்துப் பார்த்தார்கள். அது இடி இடித்தாலும் ரயிலை நிறுத்தியது, மாட்டு வண்டி போனாலும் நிறுத்தியது. கடைசியில் மனிதக் கண்தான் வேண்டும் என்று நாலு பேரை ஷிப்டு போட்டு உட்கார வைத்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவன்தான் வெள்ளிங்கிரி.

அவனுடைய அப்பா ரயில் ஓட்டுநர். மகனும் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, இருபத்திரண்டு வயதில் அவனை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். டாக்டர் புள்ளிகளாலான ஒரு வட்டத்தைக் காட்டி, "இதுல என்ன நம்பர்?" என்று கேட்டார். வெள்ளிங்கிரிக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. எட்டிப் பார்த்த அப்பாவுக்கு எழுபத்துமூன்று தெரிந்தது.

அதன் பிறகு பத்து வருடம் ஏதேதோ வேலை. இந்த ஒப்பந்த வேலைக்கான படிவத்தில் 'நிறக்குறைபாடு உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தான். யாரும் புள்ளி வட்டம் காட்டவில்லை.

ஷிப்டு தொடங்கும்போது ஒரு சின்னச் சடங்கு உண்டு. முப்பத்தொன்றாம் கம்பத்தடியில் ஒரு இரும்புச் சுத்தியல் இருக்கிறது. அறையில் பொத்தானை அழுத்தினால் அது நிலத்தைத் தட்டும், அந்த அதிர்வு படத்தில் விழுந்தால் கருவிகள் சரியாக வேலை செய்கின்றன என்று பொருள். மூன்று தட்டு என்பது விதி. ஆனால் நாலு பேரும் ஆளுக்கொரு தாளம் வைத்துக்கொண்டார்கள். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் யார் ஷிப்டு என்று தெரிந்துவிடும். சகாயமேரி மூன்றையும் மளமளவென்று தட்டுவாள். வெள்ளிங்கிரி இரண்டைச் சேர்த்துத் தட்டி, கொஞ்சம் விட்டு, ஒன்று தட்டுவான். அது அவன் கையெழுத்து.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அது நடந்தது. அன்று காலை பஸ் பழுதாகி, ஆறு மணிக்கு வர வேண்டியவன் ஏழேகாலுக்கு வந்து சேர்ந்தான். முந்தைய ஷிப்டு ஆள் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். ஏழு பதினேழுக்குச் சுத்தியலைத் தட்டினான், இரண்டு, விட்டு ஒன்று. ஏழு பத்தொன்பதுக்கு முப்பத்தொன்றாம் கம்பத்தில் ஒரு பொட்டு விழுந்தது. களிமண் நிறம். வெளியே காற்று பலமாக இருந்ததால் காற்றின் பச்சை என்று நினைத்தான். நினைத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படி இருந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டான். போனைத் தொடவில்லை.

ஏழு இருபது பாசஞ்சர் அந்த யானையை இடித்தது. கூட்டத்துக்கே தலைவி அவள். வால் பாதியில் அறுந்திருந்ததால் அறையில் எல்லோரும் வால்கட்டை என்று கூப்பிடுவார்கள். விழுந்த இடத்தில் மற்ற யானைகள் மூன்று நாள் நின்றன.

விசாரணையில் அவன், "திரையில பச்சைதாங்க இருந்துச்சு" என்றான். பதிவில் சிவப்பு இருந்ததே? அப்படியானால் முப்பத்தொன்றாம் கருவி தாமதமாக அனுப்பியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அந்தக் கருவியின் பராமரிப்பைப் பார்த்த தங்கராசுவுக்கு வேலை போயிற்று. பெட்டியைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனான். போகிற வழியில் அறைக்குள் எட்டிப் பார்த்து, "நான் நல்லாத்தான் மாட்டியிருந்தேன் வெள்ளிங்கிரி" என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து வெள்ளிங்கிரி தன் தாளத்தை விட்டுவிட்டான். விதிப்படி மூன்று தட்டு, சம இடைவெளி. இரண்டு விட்டு ஒன்றை அதன் பிறகு யாருமே தட்டவில்லை.

மறுவாரமே அவன் திரையின் உள் அமைப்புகளைத் துழாவி, நிற அளவுகோல்களின் பட்டியலைக் கண்டுபிடித்தான். அதில் கடைசியாகச் சாம்பல் என்று ஒன்று இருந்தது. சத்தம் கூடக் கூட வெளுக்கும், அவ்வளவே. அதைப் போட்டதும் அவனுக்குக் கண் திறந்த மாதிரி ஆயிற்று. வெள்ளை என்றால் யானை, இதில் குழப்பம் ஏது? தனியாக இருக்கும்போது சாம்பல், கதவு திறக்கும் சத்தம் கேட்டால் ஒரே தட்டலில் பழைய வானவில். அதன்பின் ஒரு யானையைக்கூட அவன் தவறவிடவில்லை. மூன்று வருடம் தொடர்ந்து சிறந்த கண்காணிப்பாளர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சுவரில் மாட்டச் சொன்ன மனைவியிடம் ஆணி இல்லை என்று சொல்லிவிட்டான்.

சாம்பலிலும் ஒரு குறை இருந்தது. படத்தின் பெரும்பகுதி தார் பூசினாற்போல் ஒரே கருப்பு. எந்த அளவுக்குக் கீழே போனால் கருப்பு என்று ஒரு அடிமட்டம் வைத்திருந்தார்கள். கருவிகளைப் பொருத்திய கம்பெனிக்காரர்கள், திறப்பு விழாவில் பெரிய திரையில் படம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக அதைத் தூக்கி வைத்திருந்தார்கள். விழா முடிந்தது, கேசரி தீர்ந்தது, அடிமட்டம் அப்படியே நின்றது. ஓடிக்கொண்டிருப்பதில் கை வைக்கக் கூடாது என்பதுதான் இந்த மாதிரி அறைகளின் முதல் சட்டம்.

போன ஆடி மாதம் ஒரு காலையில் வெள்ளிங்கிரி சும்மா கை வைத்துப் பார்த்தான். அடிமட்டத்தை ஒவ்வொரு படியாக இறக்கினான். கலங்கல் தெளிந்து கிணற்றின் அடி தெரிவதுபோலக் கருப்பு விலகியது. அதற்குள்ளே கோடுகள் இருந்தன.

முதலில் கருவிக் கோளாறு என்று நினைத்தான். மெல்லிய, சாய்ந்த கோடுகள், இடையிடையே புள்ளிகள். யானைக் குரல் என்று அதுவரை தெரிந்த எதையும்விடத் தாழ்ந்தவை. ஒன்றாம் கம்பத்துப் பக்கம் ஒரு கோலம் தோன்றும், கொஞ்ச நேரத்தில் அதே கோலம் ஒன்பதாம் கம்பத்தில், பிறகு பதினெட்டில், பிறகு முப்பதில். யாரோ சொல்லி, யாரோ கேட்டு, வாங்கியவர் அடுத்தவருக்குச் சொல்வதுபோல் காட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று. அது போய்ச் சேர்ந்து பத்து நிமிடம் கழித்து ரயில் வந்தது.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். ஒன்பது நாற்பது எக்ஸ்பிரஸ் வருமுன் ஒரு கோலம், பதினொன்று ஐந்து சரக்கு வண்டிக்கு வேறொரு கோலம். எக்ஸ்பிரஸ் ஒரு மணி நேரம் தாமதமான நாளில் எக்ஸ்பிரஸின் கோலமும் ஒரு மணி நேரம் தாமதமாகவே வந்தது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான், யாரோ பெரியவர்கள் அறைக்குள் வந்ததுபோல.

யானைகள் ரயில்களுக்குப் பெயர் வைத்திருந்தன.

அடிவாரத்தில் நிற்கும் யானை, தண்டவாளம் மண்ணுக்குள் அனுப்பும் அதிர்வைக் காலால் கேட்டு, எந்த வண்டி என்று அடையாளம் கண்டு, பெயரைச் சொல்லி அனுப்புகிறது. பெயர் கேட்ட கூட்டம் பாதையை விட்டு விலகி நிற்கிறது. நாற்பது கம்பம், நாலு கண்காணிப்பாளர், சான்றிதழ் எல்லாம் வைத்துக்கொண்டு நாம் செய்வதாக நினைத்த காரியத்தை அவை வெறும் காலால் செய்துகொண்டிருந்தன. வெள்ளிங்கிரிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினான். பக்கத்துக்கு ஒரு ரயில், அதற்கடியில் அதன் பெயரின் கோலம். பெரும்பாலான பெயர்கள் இரண்டு துண்டாக இருந்தன: முன்னால் ஒரு வளைவு, பின்னால் வண்டியின் இரைச்சலைப் போலச் செய்யும் ஒரு முணுமுணுப்பு. சில வண்டிகளுக்கு முன்வளைவு கிடையாது. அது ஏன் என்று தெரியவில்லை. அந்தப் பாதையில் ஒன்பது ரயில்கள் ஓடின. எட்டின் பெயர்களை எழுதிவிட்டான். ஏழு இருபதின் பக்கம் மட்டும் காலியாக இருந்தது. அந்த வண்டி வரும் இருபது நிமிடமும் அடிமட்டத்தைப் பழையபடி உயர்த்தி வைத்துவிடுவான். யானை வந்தால் தெரியும், பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள அவனுக்குத் தைரியமில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாம்பல் எதற்கு என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு வால்கட்டையும் தங்கராசுவும் வருவார்கள்.

அப்படியே காலத்தை ஓட்டியிருப்பான். புது ரயில் வந்துவிட்டது.

மணிக்கு நூற்று முப்பது கிலோமீட்டர், அதிர்வே இல்லாத சக்கரங்கள், உள்ளே வைத்த தண்ணீர் தளும்பாது என்று விளம்பரம். வியாழக்கிழமை காலை பத்து பத்துக்குச் சோதனை ஓட்டம். சுற்றறிக்கையைப் படித்ததும் வெள்ளிங்கிரி நோட்டைப் புரட்டினான். ஒன்பது நாற்பதுக்கும் பதினொன்று ஐந்துக்கும் நடுவே ரயில் கிடையாது என்று காட்டுக்குத் தெரியும். சரியாகப் பத்தேகாலுக்குப் பதினேழு யானைகள் குட்டிகளோடு முப்பத்தொன்றாம் கம்பத்தில் பாதையைத் தாண்டி ஓடைக்குப் போகும். புது வண்டி அந்த இடத்துக்கு வரும் நேரம் பத்து பதினேழு. அதற்குப் பெயர் கிடையாது. காலுக்குக் கேட்கிற சத்தமும் கிடையாது.

சிவப்புப் பொட்டு விழுமே என்றால், யானை தண்டவாளத்தை நெருங்கிய பிறகுதான் விழும். ஒன்றரை நிமிட அவகாசம். ஐம்பதில் வரும் பாசஞ்சருக்கு அது தாராளம். இவன் கன்ட்ரோலருக்குச் சொல்லி, கன்ட்ரோலர் ஓட்டுநருக்குச் சொல்லி, நூற்று முப்பதில் வருகிற வண்டி நிற்பதற்கு அது போதாது.

புதன்கிழமை ஷிப்டு முடிந்ததும் சௌந்தரவல்லியின் மேசை முன்னால் போய் நின்றான். நிலையத்தின் தலைமைப் பொறியாளர் அவர். மாயவரத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர்.

"மேடம், நாளைக்கு அந்த வண்டிய முப்பத்தொண்ணுல மெதுவாப் போகச் சொல்லோணுங்க."

"எதுக்கு?"

"அந்நேரத்துக்குக் கூட்டம் தாண்டுதுங்க. இருபது நிமிசம் முன்னாடியே எனக்குத் தெரியுமுங்க."

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஜோசியமா?"

வெள்ளிங்கிரி அவரைத் தன் திரைக்கு அழைத்துப் போனான். சாம்பலைப் போட்டான். அடிமட்டத்தை இறக்கினான். பதிவிலிருந்து அன்றைய ஒன்பது நாற்பதை எடுத்து ஓட விட்டு, நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்தான். கோலம் ஒன்றில் தோன்றி, ஒன்பதுக்கு வந்து, பதினெட்டுக்கு வந்து, முப்பதைத் தொட்டது. பிறகு ரயில்.

சௌந்தரவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடி, தலையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார். பிறகு பதினொன்று ஐந்து. பிறகு மாலை வண்டி. ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் குரல் தணிந்து போயிருந்தது.

"இருபத்தஞ்சு வருஷமா சிக்னல் பாக்கறேன். இது இத்தனை நாளா நம்ம திரையில கருப்பா இருந்துதா?"

"ஆமாங்க."

"யானைங்க பேசிக்கிட்டே இருந்திருக்குங்க. நாமதான் அதுமேல கருப்பு அடிச்சு வச்சிருக்கோம்." அவர் நோட்டைப் புரட்டினார். எண்ணினார். "எட்டு இருக்கு. ஓடறது ஒன்பது வண்டி. ஏழு இருபது எங்க?"

வெள்ளிங்கிரி நோட்டை மெல்ல மூடினான்.

"அது கிடக்கட்டும், முதல்ல இதைச் சொல்லுங்க. கலர் அளவுகோல மாத்தக் கூடாதுன்னு விதி. நீங்க எதுக்கு மாத்தினீங்க?"

ஏதாவது பொய் சொல்லலாம், நாலு வருடமாக நல்ல பயிற்சி இருக்கிறது. ஆனால் நாளைக்குப் பத்து பதினேழுக்கு அந்தக் குட்டிகள் தண்டவாளத்தில் நிற்கும்.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதாங்க மேடம். பொறந்ததுலிருந்தே. சொல்லாம சேந்துட்டேனுங்க."

சௌந்தரவல்லிக்குக் கணக்குப் போட ஒரு நிமிடம் ஆயிற்று. "அப்ப வால்கட்டை அன்னிக்கு..."

"கருவி மேல தப்பில்லீங்க. சிவப்பு நேரத்துக்குத்தான் வந்துச்சு. நான் பச்சைன்னு விட்டுப்போட்டேன். தங்கராசு மேல ஒரு தப்பும் இல்லீங்க."

"அந்த அறிக்கையில நான் கையெழுத்துப் போட்டேன்யா!" அறையே அதிர்ந்தது. சகாயமேரி வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சௌந்தரவல்லி எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். வந்தவர், வெள்ளிங்கிரி நாலு வருடமாகத் தொடாத பதிவை எடுத்தார். வால்கட்டை செத்த நாள். அதற்குக் கீழே, இன்று காலை காடு சொல்லி அனுப்பிய ஏழு இருபதின் பெயர். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார்.

மேலே, அன்றைய காலை: ஏழு பதினேழுக்குச் சுத்தியல். இரண்டு, விட்டு ஒன்று. ஏழு பத்தொன்பதுக்கு வில்போல வளைந்து ஏறும் ஒரு குரல். அது வால்கட்டையுடையது, அறையில் எல்லோருக்கும் தெரிந்த குரல், தன் கூட்டத்தை அழைக்கும்போது அவள் எழுப்புவது. அதற்குப் பிறகு ரயிலின் இரைச்சல்.

கீழே, இன்றைய பெயர்: தாழ்ந்த மூன்று புள்ளிகள். இரண்டு, விட்டு ஒன்று. வில்போல ஒரு வளைவு. பிறகு ஒரு முணுமுணுப்பு.

"இது அவ குரல்" என்றார் சௌந்தரவல்லி. "அந்த வண்டிக்கு அவ பேரையே வச்சிருக்குதுங்க. மத்த வண்டிங்க பேருக்கு முன்னால வர்ற வளைவெல்லாம்... நாம இங்க வர்றதுக்கு முன்னாடி அதது கொன்ன யானைங்களா இருக்கணும்." அவர் விரல் மூன்று புள்ளிகளின் மேல் நின்றது. "இது?"

"அது நானுங்க" என்றான் வெள்ளிங்கிரி.

தங்கராசுவுக்குத் தெரியாது, விசாரணைக் குழுவுக்குத் தெரியாது, மனைவிக்குத் தெரியாது. நாலு வருடம் ஒருவருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்ததாக அவன் நினைத்தான். அதைக் காடு தினமும் காலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அதில் வெட்கம் பாதிதான். மீதி என்னவென்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய ஒன்றின் ஞாபகத்தில் தானும் இருக்கிறோம் என்பது அவனை நடுங்க வைத்தது.

சௌந்தரவல்லி அன்று மாலையே மேலிடத்துக்குக் கடிதம் அனுப்பினார், படங்களோடு. காலை எட்டு மணிக்குப் பதில் வந்தது: சோதனை ஓட்டத்துக்குப் பிறகு பரிசீலிக்கப்படும்.

பத்து மணிக்கு அவர் கன்ட்ரோலரைப் போனில் பிடித்தார். கன்ட்ரோலர் நல்ல மனிதர், பொறுமையாகவே பேசினார். "மேடம், உங்க படம்தான் என் ஸ்கிரீன்லயும் ஓடுது. முப்பத்தொண்ணுல ஒண்ணுமில்ல, கருப்பா இருக்கு. வண்டியில பெரிய ஆளுங்கல்லாம் உக்காந்திருக்காங்க. சிவப்பு வந்தாச் சொல்லுங்க, அந்த நிமிஷமே நிறுத்தறேன்."

"சிவப்பு வந்தா நேரம் பத்தாது சார்!"

"விதி அப்படித்தான இருக்கு? நான் என்ன பண்ண?"

சாம்பல் திரையில் கூட்டம் முப்பத்துமூன்றைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பெரிய குரல்கள் நடுவே சின்னச் சின்னக் கீற்றுகள், அவை குட்டிகள். பத்து பத்துக்குப் புது வண்டி ஒன்றாம் கம்பத்தைத் தொட்டது. காட்டில் ஒரு பெயரும் எழவில்லை. அடிவாரத்து யானைக்கு அது கேட்கவே இல்லை. பத்து பதினொன்று. பத்து பன்னிரண்டு.

வெள்ளிங்கிரி சுத்தியல் பொத்தானைப் பார்த்தான். "மேடம், நான் என் தாளத்துல தட்டட்டுங்களா?"

சௌந்தரவல்லிக்கு உடனே புரிந்தது. "மிரண்டு தண்டவாளத்துமேலயே ஓடிட்டா?"

"தெரியலீங்க. ஆனா இந்தக் காட்டுக்கு எனக்குச் சொல்லத் தெரிஞ்ச வார்த்தை அது ஒண்ணுதாங்க."

அவர் தலையசைத்தார். அவன் பொத்தானில் விரலை வைத்தான். இரண்டு. விட்டு, ஒன்று.

சாம்பல் திரையில் அத்தனை குரல்களும் ஒரே நொடியில் நின்றன. நாலு வருடத்தில் அந்தப் படம் அவ்வளவு வெறுமையாக இருந்து அவன் பார்த்ததில்லை. மறுபடி தட்டினான். அப்போது முப்பத்திரண்டாம் கம்பத்தடியில் ஒரு குரல் எழுந்தது. வில்போல ஒரு வளைவு. வால்கட்டை போன பிறகு தலைவியாக இருக்கும் அவள் தங்கை, தாழ்ந்த குரலில் அக்காவின் பெயரைச் சொன்னாள். அதைப் பதினாறு குரல்கள் வாங்கிச் சொல்லின. படம் முழுவதும் வில்லாக வளைந்து வெளுத்தது. சௌந்தரவல்லி தன்னையறியாமல் கைகூப்பியிருந்தார்.

கூட்டம் நின்றது. பிறகு ஓடைக்கு எதிர்ப்புறம், மேட்டை நோக்கித் திரும்பி நடந்தது.

பத்து பதினேழுக்கு முப்பத்தொன்றாம் கம்பத்தில் மெல்லிய ஒரு இழை ஓடி மறைந்தது. புது வண்டி போய்விட்டது. உள்ளே யாருடைய தண்ணீரும் தளும்பியிருக்காது.

அன்று பிற்பகல் வெள்ளிங்கிரி ஐந்து பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தான். அவனைத் திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள், மேல்விசாரணை வரும் என்றார்கள். தங்கராசுவைப் பற்றிய பழைய அறிக்கையை ரத்து செய்யச் சௌந்தரவல்லி தானே எழுதினார், தன் கையெழுத்தும் தவறென்று சேர்த்து. வெள்ளிங்கிரி திருப்பூருக்குப் போன் போட்டுச் சொன்னான். தங்கராசு முழுவதையும் கேட்டான். "இப்பத்தான் வாய் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அதற்குமேல் எதையும் எதிர்பார்க்க வெள்ளிங்கிரிக்கு உரிமையில்லை.

முப்பத்தொன்றில் வேகம் குறைக்கும் உத்தரவோடு புது வண்டி தினசரி ஓடத் தொடங்கிப் பன்னிரண்டாம் நாள், சௌந்தரவல்லியிடமிருந்து போன் வந்தது.

"வெள்ளிங்கிரி, ஒண்ணு பாக்கணும். உங்களைத் தவிர இதைப் படிக்கத் தெரிஞ்ச ஆள் இங்க இல்ல."

அறையில் நாலு திரையும் சாம்பலாக இருந்தன. அடிமட்டம் இறங்கியிருந்தது. அன்று காலைப் பதிவை அவர் ஓட விட்டார். பத்து மணி ஐந்து நிமிடம். ஒன்றாம் கம்பத்துக்கும் கீழே, கருவிகள் தொடங்கும் இடத்துக்கே வெளியிலிருந்து, ஒரு யானை எதையோ சொன்னது. புது வண்டியின் அந்த நூலிழைச் சத்தத்தை எப்படியோ காலில் பிடித்துக்கொண்டுவிட்டது. ஒன்பதில் அதை வாங்கினார்கள். பதினெட்டில். முப்பதில்.

தாழ்ந்த மூன்று புள்ளிகள். இரண்டு, விட்டு ஒன்று. பிறகு மெல்லிய ஒரு இழை.

"சுத்தியல யாரும் தொடல" என்றார் சௌந்தரவல்லி. "பூட்டு போட்டு வச்சிருக்கேன். அதுங்களே சொல்லுதுங்க."

வெள்ளிங்கிரி மூன்று புள்ளிகளுக்கும் இழைக்கும் நடுவே பார்த்தான். திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தான். நடுவே வளைவு ஒன்றும் இல்லை. யார் குரலும் இல்லை.

நிமிர்ந்தபோது அவனுக்கு முகம் துடைக்க வேண்டியிருந்தது. சௌந்தரவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவன் கேட்டான்.

"இன்னைக்குக் காத்தால ஏழு இருபது எப்பிடிங்க இருந்துச்சு?"

அவர் எடுத்துக் காட்டினார். இரண்டு, விட்டு ஒன்று. அதற்குப் பின்னால் வால்கட்டையின் குரல், வில்போல வளைந்து. பிறகு வண்டி. அந்தப் பெயரில் எதுவும் மாறியிருக்கவில்லை.

வெள்ளிங்கிரி சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, காலியாக இருந்த அந்தப் பக்கத்தைத் திறந்து, பார்த்துப் பார்த்து வரையத் தொடங்கினான்.